பயிற்றுவிப்பாளரை மாற்றுவதற்கு முன்

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள உதைபந்தாட்டக் கழகங்களின் தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,



சுற்றுப்போட்டியொன்றில் கால் இறுதியோடு வெளியேறிய அணிக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது இந்தக் கரையோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிர்வாக சபை கூடும். நடுவருக்குக் கொஞ்சம், மைதானத்துக்குக் கொஞ்சம் என்று பழி பங்கிடப்படும். மிச்சம் முழுவதும் பயிற்றுவிப்பாளரின் தலையில் இறங்கும். அவரை யாரும் முகத்துக்கு நேரே விலகச் சொல்வதுமில்லை. அடுத்த போட்டிக்கு வேறொருவர் விசிலோடு நிற்பார். பழையவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எந்தக் கழகத்தையும் சுட்டிக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. வழக்கம் எல்லோருக்கும் பொதுவானது. மாற்றுவதும் எல்லோரும் சேர்ந்தால்தான் முடியும். நான் கேட்பது இவ்வளவுதான்: பயிற்றுவிப்பாளர் ஒருவரை அமர்த்தினால் குறைந்தது மூன்று வருடத்துக்கு அமர்த்துங்கள், அதை எழுத்தில் கொடுங்கள், அந்தக் காலத்துக்குள் தோல்வியை மட்டும் காரணமாக வைத்து அவரை அனுப்பாதீர்கள்.

இதற்கு ஆதாரம் தேடி நான் போவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு மைதானங்களுக்கு. அங்கே புட்போல் என்றால் நாம் ஆடும் ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், றக்பிக்கு உறவான ஆட்டம். ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்டு அணியின் அமைப்பைப் பாருங்கள். மாணவன் ஒருவன் அணியில் இருக்கப்போவது நான்கைந்து வருடம். பட்டம் கிடைத்ததும் போய்விடுவான். ஐரோப்பாவின் பெரிய கழகங்களைப் போலக் காசு கொடுத்து ஒருவனைப் பத்து வருடம் கட்டி வைக்க வழியில்லை. அண்மைக் காலத்தில் மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விதிகள் இடம்கொடுத்துவிட்டதால் அந்த நிலையாமை இன்னும் கூடிவிட்டது. வீரர்கள் எல்லோரும் வந்து போகிறவர்களாக இருக்கும் அணியில் நின்று நிலைக்கக்கூடியவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவர்தான். இப்போது நம் அணிகளைப் பாருங்கள். உயர்தரம் எழுதி முடித்ததும் ஒருவன் ஒலுவிலுக்கோ பேராதனைக்கோ போகிறான். இன்னொருவன் கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். மற்றவன் வாப்பாவின் கடையில் உட்கார்ந்துவிடுகிறான். இருபத்து மூன்று வயதில் மூத்த வீரனாகிவிடும் அணிகள் நம்முடையவை. எவனுடைய முழங்கால் எப்போது அடிபட்டது, எவனைப் பின்களத்திலிருந்து நடுக்களத்துக்கு மாற்ற நினைத்திருந்தோம், கீழே வளர்ந்துவரும் பதினான்கு வயதுப் பிள்ளைகளில் எவனுக்கு இடக்கால் நல்லது என்பதெல்லாம் நம் கழகங்களில் எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது. அவரை மாற்றும்போது அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

மாற்றினால் அணி முன்னேறுமா என்பதை அமெரிக்கர்கள் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஸ்கொட் அட்லர், மைக்கல் பெரி, டேவிட் டொஹர்ட்டி என்ற மூன்று அரசியல் விஞ்ஞானிகள், 1997 முதல் 2010 வரை முதல்தரப் பல்கலைக்கழக அணிகள் செய்த பயிற்றுவிப்பாளர் மாற்றங்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வெறுமனே மாற்றத்துக்கு முன், பின் என்று ஒப்பிடவில்லை. ஒரே அளவுக்குத் தோற்றுக்கொண்டிருந்த அணிகளில் பயிற்றுவிப்பாளரை மாற்றியவற்றையும் மாற்றாமல் பொறுத்திருந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படுமோசமாக இருந்த அணிகளில் மாற்றம் சொல்லும்படியான எதையும் செய்யவில்லை. நடுத்தரமாக இருந்த அணிகளிலோ, மாற்றியவை அடுத்து வந்த வருடங்களில் மாற்றாதவற்றைவிடக் கீழே போயின. நம் கழகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான் என்பதை நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். உருண்டைப் பந்துக்கும் இதே கதைதான். நெதர்லாந்தின் முதற்பிரிவு உதைபந்தாட்டத்தில் 1986 முதல் 2004 வரையான பருவங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தபோது, முகாமையாளரை நீக்கியதால் அணி முன்னேறியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆனாலும் நீங்கள் கண்ணால் கண்டது வேறு. புதியவர் வந்தார், அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வென்றோம். அது பொய்யல்ல. பயிற்றுவிப்பாளரை நாம் எப்போது மாற்றுகிறோம் என்று யோசித்தால் புரியும். அணி அதன் வழக்கமான தரத்தைவிடக் கீழே விழுந்திருக்கும் நேரத்தில் மாற்றுகிறோம். காயம், பரீட்சை, ஒரு பிழையான பெனால்டி, எதிரணிக் கோல்காப்பாளரின் அதிர்ஷ்ட நாள் என்று நாலைந்து காரணங்கள் ஒன்றாக விழுந்த நேரம் அது. அவை அடுத்தமுறையும் ஒன்றாக விழுவது அரிது. ஆகவே யார் விசில் ஊதினாலும் அணி தன் பழைய தரத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும். நெதர்லாந்துக் கணக்கில் இது தெளிவாகத் தெரிந்தது: அதே அளவு சரிந்தும் ஆளை மாற்றாத கழகங்களும் சில வாரங்களில் எழுந்து நின்றன. புதியவருக்குக் கிடைத்த புகழில் பெரும்பங்கு நாட்காட்டிக்கு உரியது.

பொறுத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கான சிறிய கல்லூரியொன்று, இன்றைய கிராம்ப்ளிங் பல்கலைக்கழகம், 1941இல் எடி ரொபின்சன் என்ற இளைஞரை அமர்த்தியது. முதற் பருவத்தில் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவை கூட. நம் நிர்வாக சபையாக இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அடுத்த வருடம், 1942இல், அவரது அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. எதிரணி எதற்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அங்கேயே 1997 வரை இருந்து 408 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். அவரிடம் பயின்ற 200க்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். விடுதியில் காலையில் மணியடித்து மாணவர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்பிய மனிதர் அவர். அலபாமா பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் வேறு உலகத்தவர், கோடிகளில் சம்பளம் வாங்கியவர். அவரும் 2007இல் தன் முதற் பருவத்தில், லூசியானா மொன்றோ என்ற சிறிய பல்கலைக்கழக அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றார். 2009 பருவத்தில் தேசிய சாம்பியன். 2024 ஜனவரியில் ஓய்வுபெறும்போது அலபாமாவுக்கு ஆறு பட்டங்கள் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அமெரிக்கா தூரம் என்றால் ஹைதராபாத் இருக்கிறது. செய்யத் அப்துல் ரஹீம், தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த இந்திய உதைபந்தாட்ட அணி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றது. பத்து கோல்! இங்கே அப்படியொரு தோல்வி நடந்தால் பயிற்றுவிப்பாளர் ஊர் திரும்புவதே கஷ்டம். ஆனால் 1956 மெல்பேர்னுக்கு அணியை அழைத்துப்போனவரும் அதே ரஹீம்தான். அங்கே இந்தியா அரையிறுதிவரை போய் நான்காமிடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில், புற்றுநோயோடு நின்றுகொண்டு, தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி ஆசிய விளையாட்டுத் தங்கத்தைத் தன் வீரர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் காலமானார். அவருடைய ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. ரஹீம் எப்படிப் பயிற்றுவித்தார் என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. பந்தைத் தனியே உருட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதியோடு போட்டிகள் வைத்தார். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகள் வைத்தார். அந்தப் போட்டிகளில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், அணி அசிங்கமாக ஆடும். பலன் மூன்றாம் வருடம், நான்காம் வருடம் வரும். வெள்ளிக்கிழமை தோற்றால் சனிக்கிழமை வேலை போய்விடும் என்று அஞ்சுகிற ஒருவர் இப்படி ஒரு பயிற்சியைத் தொடங்கவே மாட்டார். இருப்பவர்களில் வேகமானவனிடம் பந்தைத் தூக்கிப் போடச் சொல்வார். அதுதான் அவருக்குப் புத்தி. நம் அணிகள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி, நீண்ட உதையும் ஓட்டமுமாக ஆடுகின்றன என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தது பயிற்றுவிப்பாளரின் பயம். பயத்தைக் கொடுத்தது நாம்.

தேசிய அணியைப் பாருங்கள் என்று ஒருவர் குறுக்கிடலாம். பார்ப்போம். 2018இல் பக்கீர் அலி வந்தார். டாக்காவில் அபாஹனி கழகத்தின் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய நம் நாட்டு வீரர். 2020இல் அமிர் அலகிச், பிறகு அன்டி மொரிசன், கீத் ஸ்டீவன்ஸ், 2024இல் அப்துல்லா அல்முதைரி. ஏழு வருடத்துக்குள் ஐந்து பேர். இடையில், 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை, ஃபீபா நாட்டையே தடைசெய்து வைத்திருந்தது. உலகத் தரவரிசையில் 207ஆம் இடம்வரை இறங்கினோம். உடனே மறுப்பு வரும்: கடைசியாக வந்த அல்முதைரியின் அணி 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போனதே, மாற்றம் பலன் தந்ததே என்று. நியாயமான கேள்வி. ஆனால் அந்த அணியில் மாறியது பயிற்றுவிப்பாளர் மட்டுமல்ல. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் பலர் வந்து சேர்ந்திருந்தார்கள். கல்முனைக்கு அப்படி ஒரு விமானம் வந்து இறங்கப் போவதில்லை. நமக்குக் கிடைப்பது சந்தாங்கேணி மைதானத்திலும் கடற்கரை மணலிலும் உதைத்துப் பழகும் பிள்ளைகள்தான். அவர்களை வளர்க்க வேண்டும், வளர்க்கக் காலம் வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. ஒருவரை நீண்ட காலம் வைத்திருந்தால் கழகமே அவருடைய சொத்தாகிவிடும், யாரும் கேள்வி கேட்க முடியாது என்பார்கள். அமெரிக்காவிலேயே இதற்குக் கொடிய சான்று உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோ பெட்டேர்னோ 1966இலிருந்து தலைமைப் பயிற்றுவிப்பாளர், 409 வெற்றிகள், மைதானத்துக்கு வெளியே சிலையே வைத்திருந்தார்கள். அவருக்குக் கீழே நெடுங்காலம் பணியாற்றிய ஜெரி சன்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கி வந்தது 2011இல் வெளியாகி, அதைப்பற்றிய தகவல் மேலிடத்துக்கு வருடங்களுக்கு முன்பே எட்டியிருந்தும் பொலிஸுக்குப் போகவில்லை என்று தெரிந்தபோது, அந்த நவம்பரில் பெட்டேர்னோ நீக்கப்பட்டார். அடுத்த வருடம் சன்டஸ்கி 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டார். இதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் வையுங்கள். 2018 மே மாத இறுதியில் அங்கே ஜோர்டன் மக்னயர் என்ற 19 வயது மாணவர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத்தால் சரிந்தார். உடம்பைக் குளிர்நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், செய்யவில்லை. இரண்டு வாரத்தில் இறந்துபோனார். பிழை நடந்ததைப் பல்கலைக்கழகமே ஒத்துக்கொண்டது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் டி. ஜே. டர்க்கின் வந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆக, 46 பருவம் இருந்தவரின் கீழும் கொடுமை நடந்தது, மூன்று வருடம் நிறைவடையாதவரின் கீழும் பிள்ளை செத்தது. இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒன்றே: பயிற்றுவிப்பாளரின் முகம் பார்க்காமல் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர். அந்த ஆள் இல்லாத கழகத்தில் பயிற்றுவிப்பாளரை வருடாவருடம் மாற்றினாலும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே நான் கேட்கும் எழுத்து ஒப்பந்தத்தின் இரண்டாம் பாதி இங்கிருந்து வருகிறது. தோல்விக்காக நீக்க முடியாத ஒருவரை வேறு எதற்காகவெல்லாம் அன்றைக்கே நீக்கலாம் என்று அதே தாளில் எழுதுங்கள்: பிள்ளையை அடித்தால், காயத்தோடு ஆடச் சொன்னால், வயதுச் சான்றிதழில் விளையாடினால், சிறுவர் ஒருவரைத் தனியே அறையிலோ வாகனத்திலோ வைத்திருந்தால், கழகப் பணத்துக்குக் கணக்குக் காட்டாவிட்டால். பெற்றோரில் ஒருவர், பயிற்றுவிப்பாளருக்கு உறவில்லாதவர், முறைப்பாடு கேட்க நியமிக்கப்பட வேண்டும். வெப்பத்தைப் பற்றியும் எழுதுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அஸருக்கு முன் மைதானம் அடுப்பாகக் கொதிக்கும். அந்த நேரத்தில் ஓடவிடக் கூடாது. ரமழானில் பயிற்சி என்றால் இரவுத் தொழுகைக்குப் பிறகு. ஐஸும் பெரிய வாளியில் தண்ணீரும் மைதான ஓரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். கல்முனையில் ஐஸ் கிடைக்காது என்று எவரும் சொல்ல முடியாது, மீன் சந்தை நடக்கும் ஊர் இது.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியை நான் எதிர்பார்க்கிறேன், ஆனால் அதில் அதிக நேரம் செலவழிக்க விரும்பவில்லை. நீண்ட ஒப்பந்தம் என்றதும் நினைவுக்கு வர வேண்டியது டெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் அல்ல. அவர்கள் ஜிம்போ ஃபிஷருக்கு முழு உத்தரவாதத்தோடு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து, 2023 நவம்பரில் இடையில் அனுப்பியபோது 75 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கக் கடமைப்பட்டார்கள். பெரிய இடத்துப் பைத்தியக்காரத்தனம் அது. நம் பயிற்றுவிப்பாளர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், அரச ஊழியர்கள், விளையாடி ஓய்ந்தவர்கள். சம்பளம் கேட்டு வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய கூலி காலம்தான். அதையும் மறுத்தால் நம்மிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. எரிபொருளுக்கு ஒரு தொகை, பயிற்சிப் பந்துகள், லீக்கின் பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்பும் செலவு, இவை இறுதிப் போட்டி நாளில் பந்தலுக்கும் பட்டாசுக்கும் போகும் பணத்திலேயே வந்துவிடும். மத்திய கிழக்கிலிருந்து அனுசரணை அனுப்பும் நம் பிள்ளைகளிடம் ஜேர்சிக்குக் கேட்பது போலவே இதற்கும் கேட்கலாம்.

திறமையே இல்லாத ஒருவர் மூன்று வருடம் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பீர்கள். அமர்த்தும்போது கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே என் பதில். இன்று நாம் அமர்த்துவதற்கு ஒரு மாலைப்பொழுதும் நீக்குவதற்கு ஒரு கிழமையும் எடுக்கிறோம்; அந்த ஒரு கிழமையை அமர்த்தும்போதே எடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். தலைவரின் மச்சான் என்பதற்காக ஒருவரை அமர்த்திவிட்டு, தோற்றதும் தலைவருக்கு எதிரான கோபத்தை மச்சானில் தீர்த்துக்கொள்வது உதைபந்தாட்ட நிர்வாகம் அல்ல. வெள்ளாமை நடுவில் வட்டவிதானையை மாற்றாத விவசாயிகளின் ஊர்கள் இவை. லீக் பருவத்தின் நடுவில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை எங்கே போகிறதோ தெரியவில்லை. வருட முடிவில் பயிற்றுவிப்பாளர் எழுதிய ஓர் அறிக்கையை வாங்குங்கள்: எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், யார் விலகினார்கள், ஏன், கீழிருந்து எத்தனை பேரை மேலே கொண்டுவந்தார், பரீட்சைக்கு யாருக்கு விடுப்புக் கொடுத்தார். இரண்டு வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்தால் அவர் வேலை செய்கிறாரா, சும்மா விசில் ஊதுகிறாரா என்பது எந்தக் கால் இறுதியைவிடவும் தெளிவாகத் தெரியும்.

இதை ஒரு கழகம் மட்டும் செய்தால் தோற்ற மறுநாளே பக்கத்து ஊர்ப் பரிகாசத்தில் கைவிட்டுவிடும். ஆகவே லீக் மட்டத்தில் ஒரு விதி வேண்டும்: வருடப் பதிவின்போது ஒவ்வொரு கழகமும் தன் பயிற்றுவிப்பாளரின் பெயரையும் அவரது காலத்தையும் சமர்ப்பிக்க வேண்டும், பருவம் நடக்கும்போது மாற்றினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பெரியவர்களின் அணியில் இது உடனே முடியாது என்றால் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் தொடங்குங்கள். அங்கே கிண்ணத்துக்கான நெருக்குதல் குறைவு, ஆள் மாறுவதால் வரும் சேதம் அதிகம், பிள்ளையின் உடம்பும் பழக்கமும் உருவாகும் வயதும் அதுதான். உங்கள் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அந்த அணிக்கு யார், எந்த வருடம் வரை என்ற இரண்டையும் கூட்டறிக்கைப் புத்தகத்தில் பதிந்து, பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து உங்கள் ஆட்டங்களைப் பார்த்துவரும் ஒருவர்